யார் செஞ்ச குத்தம்?

இன்னைக்கு விண்டோஸ் 98 காலத்து எரர் மெசேஜ் பத்திப் பேசலாம்.

காயல்பட்டினத்துல ஒரு வீட்ட நினைச்சுக்கோங்க. வாப்பா வெளிநாட்டுல இருந்து அனுப்புன காசுல வாங்குன கம்ப்யூட்டர். பையன் ஏதோ டைப் பண்ணிட்டு இருக்கான். திடீர்னு ஒரு பெட்டி: இந்தப் புரோகிராம் 'இல்லீகல் ஆபரேஷன்' செஞ்சிருச்சு, மூடப் போறேன்னு. மத்ததெல்லாம் புரியலன்னாலும் 'இல்லீகல்' நல்லாவே புரியும்! உம்மா கேட்டா என்ன சொல்றது?

விஷயம் ரொம்பச் சாதாரணம். ஒரு புரோகிராம் தனக்கு ஒதுக்காத மெமரியத் தொட்டா பிராசசர் தடுத்துரும். அதத்தான் எஞ்சினியர் பாஷையில 'இல்லீகல்'னாங்க. அந்த வார்த்தை அப்படியே வீட்டுக்குள்ள வந்திருச்சு.

தெருவுல கம்ப்யூட்டர் தெரிஞ்ச காக்கா ஒருத்தர் வருவாரு. முதல் கேள்வி, "நீ என்னடா பண்ண?" அப்புறம்தான் 'டீடெய்ல்ஸ்' பட்டன். அதுல எந்த ஃபைல்ல அடி வாங்குச்சுன்னு பேர் இருக்கும். ஒரே பேர் திரும்பத் திரும்ப வந்தா, அந்த டிரைவரையோ புரோகிராமையோ எடுத்துட்டுத் திருப்பிப் போடணும். தடவைக்கு ஒரு பேர் வந்தா ரேம் மேல சந்தேகம். கழட்டித் துடைச்சு மாட்டிப் பாக்கணும்.

எனக்குக் கடுப்பு ஸ்கேன்டிஸ்க் மேலதான். கரண்ட் போய் வந்தாலும், விண்டோஸே தொங்கி நீங்க பட்டன அமுக்கி அணைச்சாலும், அடுத்த தடவை அதே உபதேசம்: ஒழுங்கா அணைக்கல, எப்பவும் ஸ்டார்ட் மெனு வழியா ஷட் டவுன் பண்ணுங்க. ஊரே இருட்டுல கிடக்கு, ஸ்டார்ட் மெனுவுக்கு எங்க போறது?

இதுல பெரிய கூத்து 1999-ல வெளிய வந்துச்சு. விண்டோஸ் 95, 98 ரெண்டும் அணைக்காம 49.7 நாள் ஓடுனா உறைஞ்சு போகலாம்! ஆன் பண்ணதுல இருந்து மில்லிசெகண்ட எண்ணுற 32 பிட் கவுண்ட்டர் ஒண்ணு உள்ள இருக்கு. சுமார் 429 கோடிதான் அதோட எல்லை. அதத் தாண்டுனா, பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி, பூஜ்யத்துக்கு வந்துரும். அத எதிர்பார்க்காத கோடு மாட்டிக்கும். விண்டோஸ் 95 வந்தது 1995 ஆகஸ்ட்ல. மூணரை வருஷம் ஏன் இது பெருசா யார் கண்லயும் படல? 49 நாள் அது விழாம ஓடுனாத்தானே!

2001-ல எக்ஸ்பி வந்துச்சு. அதுலயும் புரோகிராம்கள் விழுந்துச்சு. ஆனா பெட்டியில 'இல்லீகல்' இல்ல. பிரச்சனை வந்திருச்சு, மூட வேண்டியிருக்கு, சிரமத்துக்கு வருந்துறோம்னு இருந்துச்சு.