தனிமங்களைக் காட்டித் தரும் ஒளிக்கோடுகள்

சமையல் உப்பைச் சுடரில் தூவினால் மஞ்சள் ஒளி எழும். செம்பின் உப்பு பசுமை காட்டும். கால்சியம் செங்கல் நிறம் தரும். இவ்வளவையும் நம் பள்ளிகளில் மனனம் செய்விக்கிறோம். மேல்நிலை வகுப்பில் பாதரச ஆவி விளக்கின் முன் நிறமாலைமானியை நிறுத்திக் கோணம் அளந்து அலைநீளமும் கணக்கிடச் செய்கிறோம். ஆயினும், வரவேண்டிய விடையை முன்பே அறிந்துகொண்டு ஏட்டை நிரப்பும் வேலையாகவே அது முடிந்துவிடுவது மிகுதி. ஒளியைக் கொண்டு தனிமத்தை இனங்காணும் இக்கலை பிறந்த வரலாற்றை நோக்குவோமாயின், அதனைக் கற்பிக்கும் முறையும் வேறாதல் வேண்டும் என்பது புலனாகும்.

1787ஆம் ஆண்டு பவேரியா நாட்டு ஸ்ட்ராவ்பிங் நகரில், கண்ணாடித் தொழிலாளி ஒருவரின் பதினோராம் பிள்ளையாகப் பிறந்தவர் யோசெப் பிரான்ஹோபர். பன்னிரண்டு வயது நிரம்புமுன் தாயையும் தந்தையையும் இழந்தார். மியூனிக் நகரில் கண்ணாடி வெட்டும் முதலாளி ஒருவரிடம் கூலியின்றித் தொழில் பழக விடப்பட்டார். நூல் படிப்பதற்கும், ஞாயிறுதோறும் நடைபெற்ற பள்ளிக்குச் செல்வதற்கும் அம்முதலாளி தடை விதித்தார். 1801இல் அவ்வீடு இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி மாண்டார். சிறுவன் பிரான்ஹோபர் பல மணி நேரத்திற்குப் பின் உயிருடன் மீட்கப்பட்டார். மீட்புப் பணியைக் காணவந்த நாட்டின் ஆட்சியாளர் 18 தங்க நாணயங்களை அவருக்கு வழங்கினார். அப்பொருளைக் கொண்டு அவர் கண்ணாடி தேய்க்கும் பொறி ஒன்றை வாங்கினார். எஞ்சிய ஒப்பந்தக் காலத்தினின்று தம்மை விடுவித்துக்கொள்ளவும் அதையே பயன்படுத்தினார். இடிந்த வீடு அறிவின் வாயிலைத் திறந்தது என்று இந்நிகழ்ச்சியை வியந்து எழுதுவார் உளர். வீடு இடியாதிருந்தால் அவ்வறிவு அப்பட்டறைக்குள்ளேயே அடங்கிப் போயிருக்கும் என்பதன்றோ நாம் எண்ணிப் பார்க்க வேண்டுவது!

தொலைநோக்கிக்கு ஏற்ற கண்ணாடியைத் தேர்வதே அவருக்கு வாய்த்த தொழில். அத்தொழிலின் பொருட்டு 1814இல் கதிரவன் ஒளியை நுண்ணிய பிளவின் வழியே செலுத்தி, முப்பட்டகத்தால் விரித்து, தொலைநோக்கியால் நோக்கினார். வண்ணப் பட்டையின் குறுக்கே எண்ணற்ற கருங்கோடுகள் தோன்றின. இங்கிலாந்தில் வொல்லாஸ்டன் 1802இலேயே சில கோடுகளைக் கண்டிருந்தார். எனினும் 570க்கு மேற்பட்ட கோடுகளை அளந்து, முதன்மையானவற்றிற்கு எழுத்துகளால் பெயரிட்டவர் பிரான்ஹோபரே. மஞ்சள் பகுதியிலுள்ள இணைகோட்டிற்கு அவர் இட்ட ‘டி’ என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. இத்தகையவரை மியூனிக் அறிவியற் கழகத்தில் சேர்க்க முற்பட்டபோது, பல்கலைக்கழகம் காணாத கைவினைஞருக்கு அங்கு என்ன இடம் என்று எதிர்ப்பு எழுந்தது. கோடுகளின் காரணம் விளங்காத நிலையிலேயே, 1826இல், தம் 39ஆம் வயதில் அவர் மறைந்தார்.

காரணத்தைக் கண்டவர்கள் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான புன்சனும் கிர்க்காஃபும் ஆவர். கருவி செய்யும் டெசாகா என்பவரின் துணையால் புன்சன் 1855இல் அமைத்த எரிவாயு விளக்கின் சுடர் நிறமற்றது. ஆதலின் அதில் இட்ட பொருளின் நிறம் கலப்பின்றித் தெரிந்தது. ஆயினும் கண்ணை மட்டும் நம்புவதில் ஓர் இடர் இருந்தது. எங்கும் கலந்துள்ள சோடியத்தின் மஞ்சள், பொட்டாசியத்தின் மெல்லிய ஊதாவை விழுங்கிவிடும். வண்ணக் கண்ணாடிகளால் அதை வடிகட்ட முயன்றுகொண்டிருந்த புன்சனிடம், முப்பட்டகத்தால் ஒளியைப் பிரித்துப் பார்க்கலாமே என்றார் கிர்க்காஃப். ஒரு சுருட்டுப் பெட்டி, ஒரு முப்பட்டகம், பயனற்றுக் கிடந்த தொலைநோக்கிகளின் இரு முனைகள், இவையே அவர்களது முதல் கருவி. உலகின் போக்கை மாற்றிய கருவியின் விலை இவ்வளவே என்பதை ஆசிரியப் பெருமக்கள் குறித்துக்கொள்ளுதல் நலம்.

1859இல் கிர்க்காஃப் கதிரவன் ஒளியை உப்புச் சுடரின் ஊடே செலுத்தினார். மறையும் என்று எதிர்பார்த்த ‘டி’ கோடு முன்னினும் கருத்தது. வெப்பமிக்க ஒளிமூலத்தின் முன் நிற்கும் குளிர்ந்த ஆவி, தான் உமிழக்கூடிய ஒளியையே உறிஞ்சிக்கொள்கிறது. ஆதலின் கதிரவனைச் சூழ்ந்த ஆவியில் சோடியம் உண்டு என்று அவர் முடிவு கட்டினார். மறு ஆண்டு துர்க்கைம் ஊற்றுநீரில் எவருமறியாத நீலக்கோடுகள் தென்பட, அந்நீரில் சுமார் 44,000 லிட்டரைக் காய்ச்சிச் சில கிராம் உப்பைப் பிரித்தார் புன்சன். அதுவே சீசியம். 1861இல் ரூபிடியம் கிடைத்தது.

1863இல் பிரைபர்க் நகரில் நிகழ்ந்தது வகுப்பறைக்கு மிகவும் உரியது. துத்தநாகத் தாதுவை ஆய்ந்த பெர்டினாண்ட் ரைக் என்பவருக்கு நிறக்குருடு. எனவே கருவியில் கண்வைத்துப் பார்க்கும் பணியைத் தம் உதவியாளர் ரிக்டரிடம் ஒப்படைத்தார். ரிக்டர் கண்ட புதிய கருநீலக்கோடு இண்டியம் என்னும் தனிமத்தைத் தந்தது. தனிமத்தின் அடையாளம் கோடு நிற்கும் இடமேயன்றி நிறத்தின் பெயரன்று. அளவுகோலில் இடத்தைக் குறிக்கப் பழகிய மாணவன், ‘இது செங்கல் சிவப்பா, இரத்தச் சிவப்பா’ என்று மயங்கவேண்டியதில்லை.

இடத்தை நுட்பமாகக் குறிப்பதன் பயன் 1868இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் காண, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூருக்குப் பிரான்சு நாட்டு ஜான்சன் வந்தார். சென்னை வானாய்வகத்துப் போக்சன் மசூலிப்பட்டினத்தில் காத்திருந்தார். கதிரவன் விளிம்பில் எழும் சுடர்களில் ஒளிக்கோடுகள் தெரிந்தன. அவற்றுள் மஞ்சளாக நின்றதைச் சோடியம் என்றே பலர் கொண்டனர். சோடியத்தின் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் நிற்க, இதுவோ 587.6இல் நின்றது. இங்கிலாந்தில் லாக்கியர் அவ்வேறுபாட்டைத் தெளிந்து புதிய தனிமம் என்றார். அந்த ஹீலியத்தை ராம்சே மண்ணுலகக் கனிமம் ஒன்றில் கண்டது 1895இல்.

இனி ஒரு வினா: கோடு இல்லையெனில் தனிமமும் இல்லையா? கதிரவனின் நிறமாலையில் ரூபிடியமும் சீசியமும் அகப்படவில்லை. விடை கூறியவர் மேகநாத் சாஹா. டாக்கா மாவட்டத்துச் சிற்றூரில் 1893இல் சிறுகடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கல்கத்தாவில் பயின்றபோது சாதியின் பெயரால் விடுதியில் உடனுண்ண மறுக்கப்பட்டவர். கடும் வெப்பத்தில் அணு தன் எலெக்ட்ரானை இழந்து அயனியாகிவிடுவதால் அதன் வழக்கமான கோடுகள் மறைகின்றன என்பதை 1920இல் அவர் சமன்பாடாக வகுத்தார். வெப்பம் குறைந்த கதிரவப் புள்ளிகளில் ரூபிடியம் தெரியவேண்டும் என்றார். 1922இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் அதனைக் கண்டார். சாஹாவின் சமன்பாட்டைக் கொண்டே, விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜன் என்று 1925இல் செசிலியா பெய்ன் என்னும் பெண்மணி கணக்கிட்டார்.

கருவிக்கு வருவோம். காலணிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் இரு சவர அலகுகளை மயிரிழை இடைவெளிவிட்டு ஒட்டுக. எதிர்ப்பக்கத்தில் குறுந்தகட்டின் துண்டு ஒன்றைச் சாய்வாகப் பொருத்தி, மேலே பார்வைத் துளை இடுக. ஒரு மில்லிமீட்டரில் சுமார் 625 வரிகள் கொண்ட அத்தகடு நல்லதொரு கீற்றணியாகும். அதைப் பாதரசம் அடங்கிய குழல்விளக்கின் முன் நீட்டினால் 546.1 நானோமீட்டரில் பச்சைக்கோடும் 435.8இல் நீலக்கோடும் தெளிவுறத் தெரியும். மாணவர்கள் தாம் கண்டதை முதலில் வரையட்டும். அட்டவணையை ஆசிரியர் பின்னரே தருக. எல்.இ.டி. விளக்கின் முன் கோடுகள் நீங்கித் தொடர்பட்டையே தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுதல் வேண்டும். கதிரவனை மட்டும் நேரே நோக்கலாகாது. வெண்மேகத்தினின்று வரும் பகலொளியே போதும். பிளவு நுண்ணிதாயின் பிரான்ஹோபரின் கருங்கோடுகளுள் சிலவற்றையும் அதில் காணலாம்.