மரக்காணம்: நகரம் ஏறாத நிலம்

நகரம் எப்படி வளர்கிறது என்று பாடத்தில் வட்டம் வட்டமாக ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? நடுவில் கடைவீதி, சுற்றிலும் தொழிற்சாலை, அப்புறம் வீடுகள், கடைசியில் புறநகர். 1920களில் சிகாகோவைப் பார்த்து பர்ஜெஸ் என்பவர் வரைந்த படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினால் ஒன்றும் பொருந்தாது. பங்களா, கேளிக்கைப் பூங்கா, ரிசார்ட், 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு' மனைகள்... இப்படியே வந்து சுமார் 120 கி.மீ.யில், மரக்காணத்தில், திடீரென்று வெள்ளை வெளேரென்று உப்பளம். இன்னும் 35 கி.மீ. போனால் புதுச்சேரி. இரண்டு நகரங்களுக்கு நடுவில், கடலுக்குப் பக்கத்தில், மூவாயிரம் ஏக்கருக்கு மேல் சமதளமான நிலம் கட்டிடமே இல்லாமல் எப்படித் தப்பியது?

"உப்பு மண்ணில் யார் வீடு கட்டுவார்கள்?" என்பீர்கள். எண்ணூரிலும் உப்பளங்கள் இருந்தனவே! அங்கே அனல்மின் நிலையமும் 2001-ல் துறைமுகமும் வந்துவிட்டன. மும்பையில் வடாலாவும் ஒரு காலத்தில் உப்பளம்தான். ஆகவே மண் மட்டும் காரணமில்லை.

கொஞ்சம் பின்னால் போவோம். சிறுபாணாற்றுப்படையில் வரும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். பட்டினம் என்றாலே கடற்கரை நகரம். அதாவது நகரம் இன்னும் எட்டிப்பார்க்காத பட்டிக்காடு அல்ல இது. ஒரு காலத்தில் இதுவே நகரம். சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள பூமீஸ்வரர் கோவிலும் இங்கே இருக்கிறது.

கதை திரும்புவது கம்பெனி ஆட்சியில். 1805-ல் சென்னை மாகாணத்தில் உப்பு கம்பெனியின் ஏகபோகம் ஆனது. விளைந்த உப்பைக் கம்பெனியிடம்தான் கொடுக்க வேண்டும், அது வைத்ததுதான் விலை. அடுத்த வருடமே, 1806-ல், சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே காக்ரேன் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாறையும் கூவத்தையும் இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. அதன் தெற்கு எல்லை எது தெரியுமா? மரக்காணம்! உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. நகரத்துக்கு வெளியே இருந்தாலும், இந்த நிலம் நகரத்துக்காகத்தான் உழைத்தது.

ஆனால் அதே 1870களில் ரயில் பாதை செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என்று உள்நாட்டு வழியாகப் போட்டார்கள். ஜனமும் வியாபாரமும் ரயிலோடு போய்விட்டன. திண்டிவனம் வளர்ந்தது, மரக்காணம் உப்போடு நின்றது. ஒரு தண்டவாளம் செய்கிற வேலையை நூறு மாஸ்டர் பிளான் செய்யாது (என் அபிப்பிராயம்தான், சண்டைக்கு வராதீர்கள்).

1947-ல் உப்பு வரி போனது. ஆனால் நிலம் சர்க்காரிடமே தங்கிவிட்டது. இன்றும் இங்கே உப்பு எடுப்பவர்கள் பெரும்பாலும் மத்திய, மாநில அரசுகளின் நிலத்தில் குத்தகைக்கு எடுக்கிறார்கள். பட்டா இல்லாத நிலத்தை மனை போட்டு விற்க முடியாது. அதோடு 1991-ல் கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு வந்து கட்டிடங்களுக்குக் கடிவாளம் போட்டது. மரக்காணம் தப்பியதன் ரகசியம் இவ்வளவுதான்.

இத்தனைக்கும் உப்பளம் வெறும் தரிசு கிடையாது. ஒரு இடத்தில் உவர்நீரைத் தேக்கி, அடுத்தடுத்த பாத்திகளில் சுண்டவிட்டு, கடைசிப் பாத்தியில் உப்பாகப் படிய வைக்க வேண்டும். தண்ணீர் கீழே இறங்காதபடி களிமண் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் கரைந்துவிடும். தை, மாசியில் மறுபடி முதலிலிருந்து வேலை. மழைக்காலத்தில் கூலி கிடையாது. 2022 முதல் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக ரூ.5,000 தருகிறது தமிழக அரசு.

சர்க்கார் நிலம் என்பதற்கு இன்னொரு முகமும் உண்டு. சர்க்காருக்கே அந்த இடம் வேண்டுமென்றால் யாரிடமும் விலை பேச வேண்டியதில்லை. 2024 செப்டம்பரில் தாராவி மறுசீரமைப்புக்காக மும்பையின் உப்பள நிலம் 255.9 ஏக்கரைக் குத்தகைக்குக் கொடுக்க மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது அப்படித்தான்.

மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரி 5,151 ஹெக்டேர் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆனது. பறவைகளுக்கு எல்லை வரைந்தாகிவிட்டது. பாத்தி மிதிப்பவருக்கு இருப்பது குத்தகைக் காகிதமும் தினக்கூலியும்தான். இதற்கிடையில் மரக்காணம்–புதுச்சேரி சாலையை, 46 கி.மீ., 2,157 கோடி ரூபாயில் நான்கு வழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. 1870களில் விலகிப் போன பாதை இப்போது உப்பளத்தின் வாசலுக்கே வருகிறது.