பெயரும் ஒலியும்

மனிதன் முதன்முதலில் அறிந்துகொள்ளும் சொற்களுள் அவனுடைய பெயரும் ஒன்று. எழுத்தறியாக் குழந்தையும் தன் பெயர் செவியில் விழுந்தவுடன் திரும்பிப் பார்க்கிறது. ஆகவே, பெயருக்கு ஒலியே முதல். எழுத்து அதற்குப் பின்வந்த துணை. இந்த உண்மை மறக்கப்படும்போது என்ன நேர்கிறது என்பதை மலேசியத் தமிழரின் வரலாறு காட்டுகிறது. பசிபிக் பெருங்கடலின் நடுவே வாழும் ஹவாய் மக்களின் வரலாறும் அதனையே வேறொரு கோணத்தில் காட்டுகிறது. தமிழாசிரியர்கள் இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காண்பது பயனுடையதாகும்.

பெரட்டுக்களத்துப் பெயர்கள்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையை 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டறிந்து கூறினார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்துத் தேயிலை நட்ட கைகளுள் தமிழர் கைகள் பலவாகும். மலாயாவின் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக்களத்தில் தொழிலாளர் கூடுவர்; கிராணி செக்ரோல் புத்தகத்தைப் பார்த்துப் பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பார். அந்தப் புத்தகம் ரோமன் எழுத்தில் அமைந்தது. தொழிலாளி வாயால் சொன்ன பெயரைக் கிராணி தம் செவிக்கு எட்டியவாறு எழுதிக்கொண்டார். எழுதப்பட்டது சரியா என்று பார்க்கத் தொழிலாளிக்கு அவ்வெழுத்துத் தெரியாது.

தமிழ் குறிலையும் நெடிலையும் தனித்தனி எழுத்தால் காட்டுவது. லகரம், ளகரம், ழகரம் மூன்றும் அதில் வெவ்வேறு. நாளேடுகளிலும் பதிவேடுகளிலும் வழங்கும் ரோமன் எழுத்திலோ இவ்வேறுபாடுகளுக்கு இடமில்லை. வீ, ஏ, எல், ஐ என்னும் நான்கு எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். அவற்றை வலி என்றும் படிக்கலாம். வாலி என்றும் படிக்கலாம். வழி, வாளி என்றும் படிக்கலாம். ஓர் எழுத்தைக் குறைத்து எழுதிவிட்டால் வள்ளியும் அந்த நான்கு எழுத்துக்குள் அடங்கிவிடுவாள். முருகனின் தேவியும், கிட்கிந்தை மன்னனும், தண்ணீர் சுமக்கும் கலமும் ஒரே உருவம் பெறுவது எத்தகைய விந்தை!

கிராணி எழுதிய எழுத்து செக்ரோல் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. பிறப்புப் பத்திரத்திலும், 1948-இல் நடைமுறைக்கு வந்த அடையாள அட்டையிலும் பெயர்கள் இவ்வாறே பதிவாயின. அண்ணனுடைய பத்திரத்தில் தந்தையின் பெயர் ஒருவகையாகவும், தம்பியுடைய பத்திரத்தில் வேறுவகையாகவும் அமைந்து, ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஒரு தந்தையின் மக்களே என்று மெய்ப்பிக்க வேண்டிய நிலையும் தோன்றிற்று.

இதனோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. மலாய் மொழிக்குரிய புதிய ரூமி எழுத்துமுறை 1972-இல் நடைமுறைக்கு வந்தது. முன்பு சி, எச் என்னும் இரண்டு எழுத்துகளால் குறிக்கப்பட்ட சகர ஒலி அதன்பின் சி என்னும் ஓரெழுத்தாலேயே குறிக்கப்படலாயிற்று. தமிழர் பெயர்களோ ஆங்கில முறையிலேயே நிலைபெற்றுவிட்டன. ஆங்கில முறையில் எழுதிய பெயரை மலாய் முறையில் பழகிய கண்கள் படிக்கின்றன. எழுதியவர் மீதும் குற்றமில்லை. படிப்பவர் மீதும் குற்றமில்லை. எனினும் பெயருக்குரியவர் தம் பெயரை இழக்கிறார். வள்ளி என்னும் சிறுமி வாலி என்று அழைக்கப்படும்போது முதலில் திருத்துகிறாள், பிறகு சலித்துப்போகிறாள், இறுதியில் தானும் அவ்வாறே சொல்லத் தொடங்குகிறாள். இழப்பு முழுமையடைவது அந்த இறுதிக் கட்டத்திலேதான்.

திரிங்காப் கற்பிக்கும் பாடம்

பிறர் நம் பெயரைச் சிதைக்கிறார்கள் என்று கூறுமுன் நம் நாவையும் சோதித்துப் பார்ப்பது நேர்மை. பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில் அமைந்த திரிங்காப் என்னும் சிற்றூரின் பெயரே இதற்குத் தக்க சான்று.

மலாயில் இப்பெயரின் தொடக்கத்தில் தகரமும் ரகரமும் ஏறத்தாழ ஒட்டியே ஒலிக்கின்றன. இடையே மிகக் குறுகிய உயிரொலி ஒன்று உண்டு; அதனால் தெரிங்காப் என்னும் வடிவிலும் இவ்வூர்ப் பெயர் எழுதப்படுவதுண்டு. தமிழிலோ மொழி முதலில் இரண்டு மெய்கள் இணைந்து வாரா. எனவே நாம் ஓர் இகரத்தை நடுவே நிறுத்தித் திரி என்கிறோம். அடுத்து, ஙகரத்தின் பின் வரும் ககரம் மலாயில் ‘பக்கம்’ என்னும் சொல்லில் உள்ளதைப் போல் வல்லொலியாகவே நிற்கிறது. நாமோ ‘சங்கம்’ என்னும் சொல்லில் ஒலிப்பது போல் அதனை மெலிவித்துவிடுகிறோம். இவ்வாறே பிரிஞ்சாங்கின் சகரம் ‘பஞ்சு’ போலவும், கோலாலம்பூரின் பகரம் ‘கம்பு’ போலவும் நம் நாவில் மெலிகின்றன. ஈற்றிலும் வேறுபாடு உண்டு. வல்லின மெய்யில் சொல் முடிவது தமிழ் மரபன்று. ஆதலின் பகர ஈற்றுடன் ஓர் உகரத்தைச் சேர்க்க நம் நாக்கு முனைகிறது. மலாயில் இதழ்கள் மூடியதும் ஒலி நின்றுவிடுகிறது.

இவை தமிழுக்குக் குறையல்ல. ஒவ்வொரு மொழிக்கும் உரிய இயல்பு. வடசொற்கள் தமிழில் புகும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தை ஏற்கவேண்டும் என்று தொல்காப்பியம் விதித்தது. இலட்சுமணன் இலக்குவன் ஆனதும், விபீஷணன் வீடணன் ஆனதும் அவ்வழியிலேதான். இவ்வியல்பு பிறநாட்டார்க்கும் உண்டு. முசிறியைக் கிரேக்கர் முசிரிஸ் என்றனர். தூத்துக்குடியை ஐரோப்பியர் தூத்துக்கொரின் என்று ஒலித்தனர். எனினும் நூலில் வழங்கும் பெயர் வேறு. எதிரில் நிற்கும் மனிதனை விளித்தழைக்கும் பெயர் வேறு. முன்னதில் மரபு ஆளலாம். பின்னதில் பெயருக்குரியவரின் ஒலியே ஆளவேண்டும்.

மலாயில் இன்னோர் ஒலியும் கருதத்தக்கது. பேராக் என்னும் மாநிலப் பெயரின் ஈற்றில் நாம் ககர மெய்யை எழுதுகிறோம். மலாய்க்காரர் அவ்விடத்தில் மூச்சைத் தொண்டையில் தடுத்து நிறுத்துகின்றனர். அந்தத் தொண்டைத் தடையைக் காட்டத் தமிழில் எழுத்தில்லை. அதே ஒலிதான் ஹவாய் மக்களின் பெயர் வரலாற்றில் பெரும்பங்கு வகிக்கிறது.

ஹவாய் மக்களின் இழப்பும் மீட்பும்

1778-இல் அத்தீவுகளை அடைந்த கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக்கின் காலத்தில், ஐரோப்பியர் அங்குள்ள பெருந்தீவின் பெயரை ‘ஓவைஹீ’ என்று எழுதினர். முதலில் நிற்கும் ஓகாரம் பெயரைச் சேர்ந்ததன்று. அஃது அம்மொழியின் ஓர் இடைச்சொல். 1820-இல் சென்ற அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் அம்மொழிக்கு ரோமன் எழுத்து வகுத்து, 1822-இல் அச்சிடத் தொடங்கி, 1826-இல் எழுத்துகளை வரையறுத்தனர். தொண்டைத் தடையையும் நெடிலையும் காட்டும் குறிகள் முறையாக இடம்பெறவில்லை. மொழியைத் தாய்ப்பாலோடு அறிந்தவர்களுக்கு அதனால் இடரில்லை. எழுத்தில் இல்லாததை அவர்கள் நாவே நிரப்பிற்று.

இடர் பின்னர் வந்தது. 1860-ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டம், பிள்ளைகளுக்குக் கிறித்துவப் பெயரும் தந்தைவழிக் குடும்பப் பெயரும் வேண்டும் என்றது. 1893-இல் அரசி லிலி’உஒக்கலனி பதவியிழந்தார். 1896-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாக்கிற்று. பெயர்களை எழுத்தின் வாயிலாக மட்டுமே அறிந்த தலைமுறை தோன்றிற்று. பீ, ஏ, யூ என்னும் மூன்று எழுத்துகளைக் கண்டால் அது பௌ என்னும் ‘முடிந்தது’ ஆகலாம். ப’உ என்னும் ‘கரிப்புகை’ ஆகலாம். ப’ஊ என்னும் ‘ஈரம்’ ஆகலாம். பா’ஊ என்னும் ‘பாவாடை’யும் ஆகலாம். நம் வலியும் வாலியும் போன்றதே இது.

தமிழ் மாணவர் இங்கே இலக்கண நுட்பம் ஒன்றையும் காணலாம். இரண்டு உயிர்கள் சந்தித்தால் நாம் உடம்படுமெய் சேர்ப்போம். அரசியின் பெயரை நம் பழக்கப்படி சொன்னால் இடையே யகரமும் வகரமும் புகுந்து, தொண்டைத் தடை மறைந்து, பெயரே மாறிவிடும். நாம் ஹவாய் என்று ஈரசையாகச் சொல்லும் பெயரும் அம்மக்கள் வாயில் ஹ-வை-’இ என மூன்று அசையாகும்.

அம்மக்கள் இழந்ததை மீட்க முனைந்தனர். மேரி கவேனா புக்குயியும் சாமுவேல் எல்பர்ட்டும் 1957-இல் வெளியிட்ட அகராதி இரண்டு குறிகளையும் முறையாகக் காட்டிற்று. பெயர்ச் சட்டம் 1967-இல் நீக்கப்பட்டது. 1978-இல் மாநில அரசமைப்பு அம்மொழியை ஆட்சிமொழியாக ஏற்றது. 1984-இல் முதல் தாய்மொழிப் பாலர் பள்ளி திறக்கப்பட்டது. பூனன லெஓ என்னும் அதன் பெயருக்குக் குரல்களின் கூடு என்பது பொருள். குறியை அகராதி தந்தது. அக்குறிக்கு உயிரைத் தந்தவை அந்தக் கூட்டிலிருந்து எழுந்த குழந்தைகளின் குரல்களே.

தமிழ்ப்பள்ளியின் கடமை

எழுத்தை மாற்றினால் போதும் என்பார் உளர். 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழொலிக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, கண்டனங்கள் எழவே அம்மாதத்திலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுதுவோரும் படிப்போரும் ஒரே முறையை ஒப்புக்கொள்ளாதவரை எழுத்துமாற்றம் நிலைபெறாது என்பது இதனால் விளங்கும். அடையாள அட்டைகளை மாற்றுவதும் எளிதன்று.

ஆனால் தமிழருக்கு ஓர் அரிய வாய்ப்பு உண்டு. ஹவாய் மக்கள் புதிதாகக் குறிகளைத் தேடிச் சேர்க்க நேர்ந்தது. தமிழரிடமோ குறிலும் நெடிலும் ழகரமும் ளகரமும் குறைவின்றி அமைந்த எழுத்தே இருக்கிறது. வருகைப் பதிவில் எவ்வெழுத்து இருந்தாலும், தமிழாசிரியர் ஒவ்வொரு மாணவரின் பெயரையும் பெற்றோரிடம் கேட்டுத் தமிழில் எழுதிவைத்து, அதன்படி அழைக்கலாம். ழகரம் வராத பிள்ளைக்கு நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும் நிலையைக் காட்டலாம். அதுபோலவே மலாய், சீன, செமாய் இனத்துத் தோழர்களின் பெயர்களை அவரவர் வாயிலிருந்தே கேட்டு ஒலிக்கவும் பழக்கலாம். தம் பெயருக்கு மதிப்பு வேண்டுவோர் பிறர் பெயருக்கு அதனை முதலில் வழங்கவேண்டும் அன்றோ?

பெரட்டுக்களத்தில் தவறாக ஒலித்த பெயரைத் திருத்தும் உரிமை அன்றைய தொழிலாளிக்கு இல்லை. இன்றைய வகுப்பறையில் அவ்வுரிமை அவருடைய பேரப்பிள்ளைக்கு உண்டு. அதனைப் பயன்படுத்தும் துணிவைத் தருவது தமிழாசிரியரின் கையில் இருக்கிறது.