கரிசல் மண்ணில் கிராவல் பாதை

கரிசல் நிலத்தில் வீட்டு வாசல்வரை கார் வர ஒரு கிராவல் பாதை போடுவது பார்வைக்கு எளிய வேலைதான். மேல்மண்ணைச் சீவி, லோடு இறக்கி, பரப்பி, ரோலர் ஓட்டினால் முடிந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஐப்பசி மழையில் அது சேறானதும், கல் போதவில்லை என்று மறுபடி லோடு இறக்குகிறார்கள். உண்மையில் கல்லின் அளவு இங்கே இரண்டாம்பட்சம். அடிமண்ணுக்குள் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது, ஜல்லியும் களியும் ஒன்றோடொன்று கலக்காமல் எது தடுக்கிறது என்ற இரண்டும்தான் பாதையின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை வட்டாரங்களின் கரிசல் மண்ணில் மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் மிகுதி. அதன் மெல்லிய படலங்களுக்கு இடையே தண்ணீர் நுழைந்தால் மண் உப்பும். காய்ந்தால் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். வடகிழக்குப் பருவமழை ஆண்டின் பெரும்பங்கு நீரைச் சில வாரங்களில் கொட்டிவிட்டுப் போக, மீதி மாதங்களில் மண் காய்ந்துகொண்டே இருக்கிறது. இந்த உப்பலும் சுருக்கமும் சுமார் மூன்றரை மீட்டர் ஆழம்வரை எட்டக்கூடும் என்று கொண்டுதான், கரிசலில் கட்டடம் கட்டுவோர் அடிப்பகுதி குமிழாக விரிந்த பைல்களை அந்த ஆழத்துக்கு இறக்குகிறார்கள். ஒரு பாதைக்காக அவ்வளவு மண்ணை அள்ளி மாற்றுவது நடக்காத காரியம். மண் எந்த அளவுக்கு உப்பும் என்பதை அறிய இந்தியத் தரநிலையில் எளிய சோதனை உண்டு. சலித்த உலர்ந்த மண் பத்துப் பத்து கிராம் எடுத்து, ஒரு கண்ணாடி அளவுக்குழாயில் தண்ணீரிலும் மற்றொன்றில் மண்ணெண்ணெயிலும் போட்டு, 24 மணி நேரம் விட வேண்டும். மண்ணெண்ணெயில் களி உப்பாது. ஆகவே இரண்டு குழாய்களிலும் படிந்த மண்ணின் கன அளவு வேறுபாடு உப்பலைக் காட்டும். அது 50 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண மண்ணுக்கான முறை இங்கே உதவாது.

தாங்குதிறனிலும் இதே கதைதான். கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைத் துறையில் உருவான சி.பி.ஆர். சோதனையில் நல்ல உடைகல்லின் மதிப்பு 100 என்று வைக்கப்படுகிறது. கரிசல் மண்ணை நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தால் 2, 3 என்ற அளவே தேறும். அதே மண் காய்ந்திருக்கும்போது லாரியையும் தாங்கும். ஆக, பலவீனம் மண்ணில் மட்டும் இல்லை, ஈரத்தில் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்காடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வலியுறுத்தியதும் இதையே: சுமையைத் தாங்குவது அடிமண்தான், அதை உலர்வாக வைப்பதே சாலையின் வேலை.

இங்கேதான் வழக்கமான தவறு நேர்கிறது. ஓரடி ஆழத்துக்குப் பெட்டி போலத் தோண்டி, அதில் ஜல்லியை நிரப்புவார்கள். சுற்றிலும் நீர் இறங்காத களி. நடுவே இடைவெளி நிறைந்த கல். மழைநீர் முழுவதும் அதற்குள் இறங்கி, வெளியேற வழியில்லாமல் நின்று, அடிமண்ணை வாரக்கணக்கில் ஊறவைக்கும். கரிசலில் பாதையைத் தோண்டி இறக்கக் கூடாது, ஏற்றிக் கட்ட வேண்டும். புல்லும் வேரும் உள்ள மேல்மண்ணை மட்டும் நீக்கிவிட்டு, நிலமட்டத்துக்கு மேலே பாதையை எழுப்பி, நடு முதுகிலிருந்து இரு ஓரங்களுக்கும் மீட்டருக்கு நான்கு சென்டிமீட்டர் வாட்டம் கொடுத்து, பக்கத்தில் வாய்க்கால் வெட்ட வேண்டும். அந்த வாய்க்கால் ஓடையிலோ தாழ்ந்த நிலத்திலோ போய்ச் சேர வேண்டும். பாதையோரமே தேங்கினால் வெட்டியதே வீண்.

மணலைக் கீழே பரப்பினால் போதாதா என்று கேட்கலாம். ஓரம்வரை நீட்டி வடிகாலோடு சேர்த்தால் மணல் உதவும். நடுவில் அடைபட்டால் அதுவும் தண்ணீர்த் தொட்டிதான். ஈரக் களியின்மேல் நேரடியாக ஜல்லி கொட்டினால் சக்கரத்தின் ஒவ்வொரு அழுத்தத்திலும் கல் கீழே புதையும், களி மேலே பிதுங்கும். காணாமல்போன லோடுகள் அங்கேதான் இருக்கின்றன. இதைத் தடுக்கும் நெய்யாத பாலிபுரோப்பிலீன் ஜியோடெக்ஸ்டைல் துணி தண்ணீரை விடும், களியை விடாது. நகரத்து ஆடம்பரம் என்று இதை ஒதுக்குவது கணக்குப் பிழை. புதைந்துபோகும் ஜல்லியின் விலை ஒவ்வொரு மழைக்கும் கூடிக்கொண்டே போகும். அந்தத் துணிக்குப் பதிலாகத் தென்னை நார் விரிப்பையும் போடலாம். அது மட்கிவிடுமே என்பது நியாயமான ஐயம். ஆனால் அடிமண் இறுகிப் படியும் முதல் சில பருவங்களுக்கு அது நன்றாக உதவும். கிராமச் சாலைகளிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். துணிக்கும் கல்லுக்கும் இடையே, உப்பாத செம்மண் கிராவலை ஒரு படுகையாக இறுக்குவதும் பலன் தரும். உப்பாத, ஒட்டும் தன்மையுள்ள மண் அடுக்கு கரிசலின் உப்பலை அடக்கும் என்பதை ஐ.ஐ.டி. பம்பாயின் பேராசிரியர் ஆர்.கே. கட்டி 1970களில் வாய்க்கால் கட்டுமானத்துக்காக ஆராய்ந்து நிறுவினார். அவர் சொன்ன முழுக் கனம் வீட்டுப் பாதைக்குக் கட்டுப்படியாகாது. தத்துவம் மட்டும் இங்கேயும் செல்லும்.

சுண்ணாம்பு இன்னொரு வழி. மேல் 15 சென்டிமீட்டர் கரிசலில் எடையில் 3 முதல் 6 சதவீதம் சுண்ணாம்பு கலந்தால், கால்சியம் களித்துகள்களைக் கட்டியாக்கும். பிசுபிசுப்பு குறைந்து மண் பொலபொலப்பாகும், நாள்பட இறுகும். ஆனால் மண்ணில் ஜிப்சம் இருந்தால் சுண்ணாம்பு அதோடு வினைபுரிந்து புதிய உப்பலை உண்டாக்கும். மண்ணைச் சோதிக்காமல் மூட்டை வாங்கக் கூடாது.

அடித்தளத்துக்கு நாற்பது எம்.எம். முதல் தூள்வரை பல அளவும் கலந்த உடைகல் வேண்டும். உருண்டைக் கூழாங்கல் பூட்டிக்கொள்ளாது, சக்கரத்தில் உருளும். பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஒரே அடுக்காகக் கொட்டாமல், ஒவ்வோர் அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். மேற்பரப்புக்கு மட்டும் சற்று ஒட்டும் நுண்மண் உள்ள கிராவல் தேவை. அது இல்லாவிட்டால் கோடையில் கல் பெயர்ந்து சிதறும், அதிகமானால் மழையில் வழுக்கும். அடிமண்ணை வெடிப்புவிட்ட சித்திரையிலும் தொடக் கூடாது, சேறான கார்த்திகையிலும் தொடக் கூடாது. காய்ந்து கட்டியாய் இறுக்கிய கரிசல் பின்னால் மிக அதிகமாக உப்பும். ஓரளவு ஈரம் நிற்கும் தை, மாசி மாதங்களே ஏற்றவை.

இத்தனை பாடுக்குக் கான்கிரீட்டே போட்டுவிடலாமே என்பது வலுவான எதிர்வாதம். கான்கிரீட் பலகைக்கு அடியில் ஓரம் காய்ந்து சுருங்க, நடுப்பகுதி ஈரமாகவே நிற்கும். அந்த ஏற்றத்தாழ்வில் மெல்லிய பலகை பிளக்கும், பிளந்ததைத் திரும்ப உடைத்தே சரிசெய்ய முடியும். கிராவல் மண்ணோடு அசைந்து கொடுக்கும். பாதையோரத்தில் வளர்ந்துவிட்ட சீமைக் கருவேலம் ஈரத்தை உறிஞ்சி ஒரு பக்கத்தை மட்டும் இறக்கினாலும், அங்கே கீறிக் கிளறிப் புதுக் கிராவலைக் கலந்து இறுக்கினால் சரியாகிவிடும். கிளறாமல் பள்ளத்தின்மேல் கொட்டினால் மட்டும் நிற்காது; பழைய பரப்பின் இறுகிய தோலில் புதிய கிராவல் பிடிக்காமல் அடுத்த மழையிலேயே பெயர்ந்துவிடும்.