கருவிளையும் அஞ்சனும்

தாய்லாந்து சென்று வரும் நம்மவர்களின் பெட்டிகளில், புளிமிட்டாய்க்கும் வலிதைலப் புட்டிக்கும் நடுவே, காய்ந்த நீலப்பூக்கள் அடைத்த பொட்டலம் ஒன்றும் சில ஆண்டுகளாக இடம்பிடித்து வருகிறது. நாலைந்து பூக்களை வெந்நீரில் போட்டால் நீர் நீலமாகிறது. எலுமிச்சை பிழிந்தால் கண்ணெதிரே ஊதாவாக மாறுகிறது. பொட்டலத்தின் மேல் ‘தொன்மையான தாய்லாந்துத் தேநீர்’ என்ற பாணியில் ஏதேனும் அச்சிட்டிருப்பார்கள். இதைக் காணும் தமிழர்களிடம் இருவிதப் பேச்சுகளைக் கேட்கலாம். கீழைநாட்டு ஞானத்தையே பருகிவிட்ட பரவசம் ஒன்று. ‘நம் வேலியில் படரும் சங்குப்பூவை நமக்கே விற்கிறார்கள்’ என்னும் கோபம் மற்றொன்று. இரண்டிலும் வரலாறு சற்றுக் குறைவு என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில், இது தேநீர் அன்று. தேயிலைச் செடிக்கும் இந்தக் கொடிக்கும் உறவில்லை; இது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாய்லாந்துக்காரர்களும் பரம்பரையாக இதைத் தேநீர் என்று சொல்வதில்லை. ‘நாம் அஞ்சன்’ என்பார்கள். தாய் மொழியில் ‘நாம்’ என்றால் தண்ணீர் (தமிழ்க் காதுக்கு இது ஒரு சிறு வேடிக்கை). அஞ்சன் என்பது பூவின் பெயர். ஆக, பூத்தண்ணீர். தேனோ சர்க்கரைப்பாகோ கலந்து, பனிக்கட்டி மிதக்க, ‘மனாவ்’ எனப்படும் அந்நாட்டுச் சிறு எலுமிச்சையைப் பிழிந்து தருகிறார்கள். விடுதிகளில் வரும் விருந்தினருக்கு முதலில் நீட்டும் குவளையாகவும் இது ஆகிவிட்டது.

ஆனால் அந்நாட்டில் இப்பூவின் பழைய வாழ்வு குவளையில் இல்லை, சாயத்தில் இருக்கிறது. சோறும் பலகாரமும் நிறம் பெறுவதற்கு அதைக் கசக்கிச் சாறெடுத்தார்கள். ‘சோ முவாங்’ என்றொரு பண்டம் உண்டு. ஊதாப் பூங்கொத்து என்பது பொருள். மாவுக்குள் பூரணம் வைத்து, சிறு இடுக்கியால் இதழ் இதழாகக் கிள்ளிப் பூப்போலச் செய்து ஆவியில் வேகவைப்பது. அரண்மனைப் பெண்டிரின் பொறுமையைக் காட்டும் வேலை. இரண்டாம் ராமர் என்று வழங்கப்படும் மன்னர் (ஆட்சி 1809-1824) கறிவகைகளையும் இனிப்புகளையும் போற்றி இயற்றிய படகுப்பாடலில் இந்தப் பண்டமும் இடம்பெறுகிறது. சமையலில் கைதேர்ந்த இளவரசி புன்ரோட்டை நினைத்தே அவர் அதைப் பாடினார் என்பது மரபு. ஒவ்வொரு பண்டமும் ஒரு பிரிவுத்துயரத்தைக் கிளறும்படி அமைந்த பாடல் அது. நம் அகத்துறை வாசகருக்கு அந்நியமாக இராது. அஞ்சன் சாற்றில் சில துளி எலுமிச்சை விட்டால் கிடைக்கும் ஊதாவைத்தான் சோ முவாங் செய்வோர் இன்றும் மரபு நிறமாகக் கொள்கிறார்கள். குவளையில் நாம் வியந்து பார்க்கும் மாற்றம் அடுக்களைக்குப் புதிதல்ல.

கைக்குழந்தையின் புருவத்தில் இப்பூவைத் தேய்த்தால் முடி கறுத்து அடர்ந்து வளரும் என்பது அந்நாட்டுத் தாய்மாரின் நம்பிக்கை. அஞ்சன் என்ற பெயரில் அஞ்சனம் என்னும் வடசொல்லை, கண்ணுக்கிடும் மையை, கேட்காமலிருக்க என்னால் முடியவில்லை. தமிழிலோ இப்பூவுக்குக் கருவிளை என்பது பழம்பெயர். ஐங்குறுநூற்றுப் புலவர் ஒருவர் அதைக் கண்ணோடு ஒப்பிட்டிருக்கிறார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் மலர்ப்பட்டியலில் செருவிளை, கருவிளை இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. முன்னது வெண்காக்கணம், பின்னது கருங்காக்கணம். ஒரே பூவை ஓரிடத்தில் கண்ணாகவும் ஓரிடத்தில் மையாகவும் கண்டிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் செய்ததாக நான் சொல்லவரவில்லை. அந்த நீலத்தைப் பார்க்கும் எவருக்கும் கண் நினைவு வருவது இயல்புதான்.

ஐரோப்பியருக்கு வேறொன்று நினைவு வந்தது. டான்சிக் நகரத்து வணிகரும் தாவர ஆர்வலருமான யாக்கோப் பிரெய்ன் 1678-இல் வெளியிட்ட நூலில், பெண்ணின் பிறப்புறுப்பின் ஒரு பகுதியைச் சொல்லி, அதன் பெயரையே ‘தெர்னாத்தே’ நாட்டுப் பூ என்று இதற்குச் சூட்டினார். தெர்னாத்தே என்பது இன்றைய இந்தோனேசியாவில், கிராம்புக்காகப் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் அடித்துக்கொண்ட மலுக்குத் தீவுகளில் ஒன்று. 1753-இல் லின்னேயஸ் அதையே ‘கிளிட்டோரியா தெர்னாட்டியா’ என்று நிலைநிறுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாணம்கொண்ட தாவரவியலாளர் சிலர் பெயரை மாற்ற முயன்று தோற்றார்கள். பிரெய்னின் நூல் வந்த அதே 1678-இல்தான் கொச்சியின் டச்சு ஆளுநராயிருந்த வான் ரீடின் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்’ முதல் தொகுதியும் வெளிவரத் தொடங்கியது. மலையாள வைத்தியர்களின் வாய்மொழியைப் பெரிதும் நம்பிய அந்நூல் இக்கொடியைச் சங்குபுஷ்பம் என்ற நாட்டுப்பெயராலேயே, டச்சு நாக்குக்கேற்பத் திரித்து, பதிவு செய்திருக்கிறது. அறிவியல் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளாதது ஒரு தற்செயல். எனக்கு அதில் சிறு வருத்தம் உண்டு.

ஆனால் பெயர் பழமையானதாலேயே உரிமை நமதாகிவிடாது. தெர்னாத்தேயின் பெயரைத் தாங்கியிருந்தாலும் கொடியின் பூர்வீகம் அந்தத் தீவன்று. ஆப்பிரிக்காவையும் இந்தியப் பெருங்கடல் ஓரங்களையும் தாயகமாகச் சுட்டுவோர் உண்டு. வெப்பமண்டலம் எங்கும் மனிதர் கையோடு கையாக அது பரவிவிட்டது. வங்காளத்தில் அதற்கு அபராஜிதா என்று பெயர், விஜயதசமிப் பூசைக்கு உரியது. மராத்தியர் பசுவின் காதைக் கண்டு கோகர்ணி என்றார்கள். நாம் பூவைச் சிவனுக்குச் சூட்டினோம். வேரையும் விதையையும் பேதி மருந்தாக்கினோம். நிறத்தைச் சோற்றில் ஏற்றியவர்கள் தென்கிழக்காசியர். கிளந்தானின் நாசி கெராபு என்னும் நீலச்சோறும் பெரனாக்கன் சீனரின் நீலமேறிய பசையரிசிப் பலகாரங்களும் அந்த வழிவந்தவை. பூவை அங்கிருந்து யாரும் திருடிக்கொண்டு போகவில்லை. நாம் செய்யாத ஒன்றை அவர்கள் செய்தார்கள், அவ்வளவே. அதை ஒப்புக்கொள்வதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

நிறமாற்றத்தில் மந்திரமில்லை. 1664-இல் இராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி எழுதிய நூலில் வயலட் பூப்பாகு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் விவரித்தார். சங்குப்பூவும் அதே இனத்து நிறமியால்தான் வேலை செய்கிறது. இதிலுள்ள நிறமிகளுக்கு, பூவின் அறிவியல் பெயரையொட்டி, டெர்னாட்டின்கள் என்று பெயர். பூநிறமிகளில் நீலமாகவே நிலைத்து நிற்பவை அரிது என்பதால் உணவுத் தொழிற்சாலைகள் இதன்மேல் கண்வைத்தன. அமெரிக்க அரசு 2021-இல் இதன் சாற்றை உணவு நிறமியாக ஏற்று, 2025-இல் அனுமதியை விரிவாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுப் பாதுகாப்பு அமைப்போ, காய்ந்த பூவை மரபுணவாக ஏற்கும் விண்ணப்பத்துக்கு 2022-இல் மறுப்புத் தெரிவித்தது. செடியிலுள்ள சைக்ளோடைடு என்னும் வளையப் புரதங்கள் பற்றிய ஐயம் அதற்கொரு காரணம். ஆக, ஒரு கரையில் மிட்டாய்க்கு நிறமேற்றும் பூ மறுகரையில் இன்னும் வாசலில் நிற்கிறது. ‘ஆயிரமாண்டுத் தேநீர்’ என்று அச்சடிப்போர் இதையெல்லாம் சொல்வதில்லை. நோய் தீர்க்கும் என்பதை மட்டும் தாராளமாகச் சொல்கிறார்கள். கருவுற்ற பெண்கள் தவிர்ப்பது நல்லது.

இனி, குடிப்பதைப் பற்றி. சுவை எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாறுவார்கள். பச்சைப் பயறு வெந்த நீரின் மெல்லிய வாடைபோல ஏதோ ஒன்று, அதற்கு மேல் இல்லை. சுவை முழுவதும் எலுமிச்சையும் தேனும் தருவது. எலுமிச்சைப்புல் சேர்ப்போரும் உண்டு. தாய்லாந்தில் சந்தைகளில் புதுப்பூவாகவே கிடைக்கும். காய்ந்ததை வாங்கினால் பழுப்பேறாமல் கருநீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் வாங்கவே வேண்டியதில்லை. விதை போட்டால் வேலியேறும். அடுக்கிதழ்ப் பூக்கள் நிறையச் சாயம் தரும். பச்சைப் புல்லிவட்டத்தைக் கிள்ளிவிட்டு நிழலில் உலர்த்திக்கொள்ளலாம். நீலமாக இருப்பது முக்கியம். கபிலரின் செருவிளை இதற்கு ஆகாது. வெள்ளைப் பூவைப் போட்ட வெந்நீர் வெந்நீராகவே இருக்கும்.