பகைவர் வீட்டு அழுகை

துன்பியல் நாடகம் என்றவுடன் மாணவ நண்பர்களுக்கு ஈடிப்பஸ் மன்னனோ ஹாம்லெட்டோதான் நினைவுக்கு வருவர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது அவ்விரண்டுக்கும் முற்பட்ட ஒரு நாடகம். முழுமையாகக் கிடைத்திருக்கும் கிரேக்க நாடகங்களுள் காலத்தால் மூத்தது என்று அறிஞர் பெரும்பாலோர் கொள்ளும் ‘பாரசீகர்’ என்பதே அது. இயற்றியவர் ஈஸ்கிலஸ். ஏதென்ஸ் நகரில் டயோனிஸஸ் என்னும் தெய்வத்துக்கு எடுத்த வசந்த விழாவில், கி.மு. 472-இல், அது அரங்கேறி முதற்பரிசும் பெற்றது. பாடற் குழுவுக்கான செலவை ஏற்றுக்கொண்டவர், அன்று இருபதுகளில் இருந்த பெரிக்ளீஸ்.

கிரேக்க நாடகாசிரியர்கள் பொதுவாகப் பழைய புராணக் கதைகளையே கையாண்டார்கள். இந்த நாடகமோ எட்டே ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு போரைப் பற்றியது. கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசன் ஸெர்க்ஸஸ் கடலளவு சேனையோடு கிரேக்க நாட்டின்மீது படையெடுத்தான். ஏதென்ஸைக் கைப்பற்றிக் கோயில்களைத் தீக்கிரையாக்கினான். அதன் பின்னர் சலாமிஸ் தீவையடுத்த குறுகிய கடலில் அவனுடைய கப்பற்படை கிரேக்கரிடம் நொறுங்கிப்போயிற்று.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியை மேடையேற்றுவது அபாயமான காரியம். ஃப்ரினிக்கஸ் என்னும் மற்றொரு நாடகாசிரியர், பாரசீகர் கி.மு. 494-இல் மிலேட்டஸ் நகரைச் சூறையாடியதை நாடகமாக்கினார். கொட்டகை முழுவதும் கண்ணீர் விட்டது. மறுபடி எவரும் அதனை நடிக்கக்கூடாதென்று தடையும், அவருக்கு 1,000 திராக்மா அபராதமும் விதித்தார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதுகிறார். தங்கள் இனத்தார் பட்ட துயரத்தை நினைவூட்டினார் என்பதே குற்றம்! ஈஸ்கிலஸ் வேறொரு வழியைக் கண்டார். கதை நிகழும் இடத்தை ஏதென்ஸில் வைக்காமல், பகைவனுடைய தலைநகரான சூசாவில் வைத்தார்.

அந்த அவையை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். அக்ரோபொலிஸ் குன்றின் சரிவில் மக்கள் அமர்ந்திருக்கிறார்கள். குன்றின்மேல் பாரசீகர் எரித்த கோயில்கள் இன்னும் இடிபாடாகவே கிடக்கின்றன. பார்த்தினான் கோயிலின் திருப்பணி தொடங்க இன்னும் கால் நூற்றாண்டு ஆகவேண்டும். சலாமிஸில் துடுப்பு வலித்தவர்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பர். ஈஸ்கிலஸும் போர் கண்டவரே. கி.மு. 490-இல் மாரத்தான் களத்தில் அவர் போரிட்டார். அங்கே அவருடைய உடன்பிறந்தான் கைனகைரஸ், தப்பியோடும் பாரசீகக் கப்பலின் பின்புறத்தைப் பற்றியபோது, கோடரியால் கை வெட்டுண்டு மாண்டான். இத்தகைய மனிதர், இத்தகைய மக்களுக்கு முன்னால், மகனைப் பற்றிய செய்திக்காக ஏங்கி நிற்கும் பாரசீக அரசமாதாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

நாடகத்தில் ‘நிகழ்ச்சி’ என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. முதியோர் குழு சேனையைப் பற்றிக் கவலை கொள்கிறது. அரசமாதா தான் கண்ட கனவைச் சொல்கிறாள்: அவள் மகன் இரண்டு பெண்களைத் தேரிலே பூட்டுகிறான், பாரசீக உடை அணிந்தவள் அடங்கி நிற்க, கிரேக்க உடை அணிந்தவள் நுகத்தை முறித்துவிடுகிறாள், மகன் வீழ்கிறான். பின்னர் அவள் ஏதென்ஸ் எங்கே இருக்கிறது, அதன் மக்களுக்குத் தலைவன் யார் என்று வினவுகிறாள். அவர்கள் எவருக்கும் அடிமைகளல்லர் என்று விடை வருகிறது. அவையில் அப்போது ஆரவாரம் எழுந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதன்பின் தூதன் வருகிறான். சலாமிஸ் போரைக் குறித்து, போர் கண்ட தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் எழுதி நமக்கு எஞ்சியிருக்கும் விரிவான வருணனை இதுவே. ஹெரடோட்டஸின் நூல் பல ஆண்டுகளுக்குப் பின்னர் எழுந்தது. பெருங்கூட்டமான கப்பல்கள் இடுக்கான நீரில் நெருங்கி, ஒன்றன் துடுப்பை ஒன்று முறித்ததும், கடலில் தத்தளித்தவர்களைக் கிரேக்கர் மீனை அடிப்பதுபோல் உடைந்த துடுப்புகளால் அடித்துக் கொன்றதும் அதிலே வருகின்றன. தம் தரப்பாரின் கொடுமையை மறைக்காமல் வைத்தாரே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மாண்ட பாரசீகத் தலைவர்களின் பெயர்கள் வரிசை வரிசையாக ஒலிக்கின்றன. வென்ற கிரேக்கருள் ஒருவன் பெயரேனும் நாடகம் முழுவதிலும் இல்லை. சலாமிஸ் வெற்றியின் சூத்திரதாரியான தெமிஸ்டக்ளீஸும் அங்கே பெயரற்றவரே.

தோல்விக்குக் காரணம் என்ன? இறந்துபோன தந்தை டேரியஸின் ஆவி கல்லறையிலிருந்து எழுந்து அதற்கு விடை கூறுகிறது. ஹெலஸ்பாண்ட் நீரிணைக்குப் படகுப் பாலம் கட்டிக் கடலுக்கே விலங்கிட முனைந்தான் மகன். மனிதனுக்குரிய எல்லையைக் கடந்தான். கிரேக்கர் இத்தகைய செருக்கை ‘ஹூப்ரிஸ்’ என்பர். செருக்குப் பூத்து அழிவாகக் காய்க்கும் என்பது இந்நாடகத்தின் நடுநாயகமான கருத்து.

இங்கே வரலாற்று மாணவர் சற்று விழிப்போடிருத்தல் வேண்டும். தந்தையை ஞானியாகவும் மகனை அறிவிலியாகவும் காட்டுவது நாடகத்துக்கு இன்றியமையாதது. ஆனால் வரலாறு அவ்வாறில்லை. சித்தியர் மீது படையெடுத்தபோது பாஸ்பரஸ் நீரிணைக்குப் பாலம் கட்டியவர் இதே டேரியஸ்தான். மாரத்தானுக்குச் சேனை அனுப்பியவரும் அவரே. கப்பல் எண்ணிக்கையும் அப்படித்தான். பாரசீகருக்கு 1,000 கப்பல், அன்றி விரைவுக் கப்பல் 207 என்றும், கிரேக்கருக்கு 300-ஐச் சுற்றி என்றும் தூதன் சொல்கிறான். பகைவர் கணக்கு மிகைப்பட்டதென்பது இக்கால ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. கவிஞர் சான்றாளருமாவார், ஆயினும் அவர் சான்றை அப்படியே பொன்னாக ஏற்றல் ஆகாது.

இறுதியில் ஸெர்க்ஸஸ் கிழிந்த ஆடையோடு வந்து சேர்கிறான். வசனம் ஓய்ந்து, அவனும் முதியோரும் மாறி மாறி அழும் ஒப்பாரியாக நாடகம் முடிகிறது. இந்த அழுகையைக் கண்டு ஏதென்ஸ் மக்கள் சிரித்தார்களா, தாமும் கலங்கினார்களா? அறிஞர்கள் இன்றளவும் இதில் ஒருமைப்படவில்லை. இது வெற்றிக் களிப்பே என்பவர்களுக்கு ஒரு பழைய துணை உண்டு. கி.மு. 405-இல் அரிஸ்டோபனீஸ் ‘தவளைகள்’ என்னும் நகைச்சுவை நாடகத்தில் ஈஸ்கிலஸையே பாத்திரமாக்கி, பகைவரை வெல்லும் வேட்கையை ‘பாரசீகர்’ மூலம் ஊட்டியதாக அவரைப் பெருமை பேச வைத்தார். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. பகைவனை இழிவுபடுத்த விரும்புகிறவன் அவன் தாய்க்கு இத்துணைக் கண்ணியம் தரமாட்டான். மகனுக்குப் புத்தாடை கொண்டு செல்ல வேண்டுமே என்று அவள் தவிக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள்.

பிற்காலத்தில் ஏதென்ஸும் ஒரு பேரரசாயிற்று. பாரசீகரை எதிர்க்கக் கி.மு. 478-இல் கூடிய நேச நாடுகளின் பொதுக் கருவூலம், கி.மு. 454-இல் டீலோஸ் தீவிலிருந்து ஏதென்ஸுக்கே பெயர்ந்தது. கி.மு. 415-இல் சிசிலித் தீவை வெல்லப் பெருங்கப்பற்படை புறப்பட்டது. இரண்டாண்டு கழித்து சைரக்யூஸ் துறைமுகத்தின் இடுக்கான நீரில், திரும்ப வழியின்றி, ஏதென்ஸின் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதி அழிந்தன.

சூசாவில் தூதன் சொன்ன சொல்லை அரண்மனை உடனே நம்பிற்று. ஏதென்ஸில் அவ்வாறு நடக்கவில்லை. பிரேயஸ் துறைமுகத்து நாவிதர் ஒருவர், கடைக்கு வந்த அயலான் வாயிலாகச் சிசிலிச் செய்தியைக் கேட்டு, நகரத்துக்கு ஓடிவந்து சொன்னார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். யார் சொன்னது என்று கேட்டார்கள். அவருக்கு அயலானின் பெயர் தெரியவில்லை. பொய்யைப் பரப்பிக் கலகம் செய்கிறான் என்று அவரைச் சக்கரத்தில் கட்டி வதைத்தார்கள். உண்மைத் தூதர்கள் வந்து சேரும்வரை அந்த வதை நிற்கவில்லை.