நிலமும் நஞ்சுக்கொடியும்: ஒரு சொல்லின் வரலாறு

நியூசிலாந்தின் மாவோரி மொழியில் ‘ஃபெனுவா’ என்றொரு சொல் உண்டு. நிலம் என்பது அதன் பொருள். நஞ்சுக்கொடி என்பதும் அதன் பொருளே. குழந்தை பிறந்தபின் வெளிவரும் கொடியைக் குடும்பத்துக்குரிய மண்ணில் புதைப்பது மாவோரி வழக்கம். இன்று பல குடும்பங்கள் அவ்விடத்தில் ஒரு மரக்கன்றையும் நடுகின்றன. இதனை இயற்கையைப் போற்றும் இனிய சடங்காக மட்டுமே காட்டும் பதிவுகள் இணையத்தில் மிகுதி. அவற்றில் விடுபட்டுப்போவது நிலத்தின் வரலாறு.

அவ்விரட்டைப் பொருளை வெறும் உவமை நயம் என்று கடந்துவிட இயலாது. சாமோவ மொழியின் ‘ஃபனுவா’, தொங்க மொழியின் ‘ஃபொனுவா’ ஆகியவையும் இவ்விரு பொருளையும் தாங்குகின்றன. ஃபிஜி மொழியின் ‘வனுவா’, மலாயின் ‘பெனுவா’ ஆகியன இதே வேரிலிருந்து கிளைத்தவை; வனுவாட்டு என்னும் நாட்டுப் பெயரிலும் அவ்வேர் இருக்கிறது. ஆகவே பொலினீசியர் ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டில் நியூசிலாந்தில் குடியேறியபோதே இக்கருத்தையும் உடன் கொண்டுவந்திருக்க வேண்டும். (நம் மொழி இதே உறுப்பை நஞ்சோடு சேர்த்துப் பெயரிட்டது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.)

தூஹோ குலத்தாரிடையே வாழ்ந்து தகவல் திரட்டிய எல்ஸ்டன் பெஸ்ட், ‘தே இஹோ ஓ கடக்கா’ என்னும் ஹினாவ் மரத்தைப் பற்றி எழுதியுள்ளார். ‘கடக்காவின் தொப்புள்கொடி’ என்பது அப்பெயரின் பொருள். தலைமுறைதோறும் குழந்தைகளின் தொப்புள்கொடிகள் அம்மரத்தில் வைக்கப்பட்டன. பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள் அதனைத் தழுவினர். குல எல்லையைக் குறிக்கும் இடங்களிலும் இவ்வாறு கொடி வைப்பதுண்டு என்கிறார் அவர். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே பேசப்படுவது தொப்புள்கொடி, மரமும் முன்பே நின்ற மரம். கன்று நட்டுக் கொடி புதைக்கும் இன்றைய வடிவத்தை மாறாத தொல்மரபு என்று எழுதுவோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

எல்லை என்ற சொல்லில்தான் வரலாற்றின் கசப்பு தொடங்குகிறது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய நில நீதிமன்றம், குலம் முழுமைக்கும் பொதுவான உரிமையைத் தனியாட்களின் பங்குகளாக மாற்றியது. பங்குகளை வாங்குவது குடியேறிகளுக்கு எளிதாயிற்று. கொடி மண்ணில் கிடந்தது, மண்ணோ கைமாறியது. 1907இல் வந்த தோஹுங்கா ஒடுக்குமுறைச் சட்டம் மரபறிவாளரை ஓரங்கட்டியது. 1962வரை அது நீக்கப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாவோரி மக்கள் பெருந்திரளாக நகரங்களுக்குப் பெயர்ந்தனர். பிரசவமும் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறியது. அங்கே ‘ஃபெனுவா’ கழிவு ஆனது, எரியுலைக்குச் சென்றது. இதில் எவருடைய தீய நோக்கத்தையும் தேட வேண்டியதில்லை. தூய்மை விதியொன்றே போதுமானதாயிருந்தது.

மாவோரி மறுமலர்ச்சியோடு தாய்மார் கொடியைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினர். 1996இல் நடைமுறைக்கு வந்த நலச்சேவைப் பயனாளர் உரிமை விதித்தொகுப்பு, தம் உடலிலிருந்து அகற்றப்படும் பகுதிகளைத் திரும்பப் பெறுவதா, அப்புறப்படுத்துவதா என்று முடிவெடுக்கும் உரிமையை எல்லோருக்கும் அளிக்கிறது. சொந்த நிலம் இல்லாது நகரத்தில் வாடகைக்குக் குடியிருப்போர் ‘இப்பு ஃபெனுவா’ எனப்படும் மட்கலத்தில் கொடியை வைத்து, முன்னோர் ஊருக்குச் செல்லும் நாள்வரை காத்திருப்பதும் உண்டு.